மனு எங்கே போய்ச் சேருகிறது?



குத்தாலம் என் சொந்த ஊர். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், காவிரியின் தென்கரையில் இருப்பது. தேவாரத்தில் இதற்குத் துருத்தி என்று பெயர். ஆற்றின் நடுவே அமைந்த திட்டைத் துருத்தி என்பது பழந்தமிழ் வழக்கு. அங்கே கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்குச் சொன்னவாறறிவார் என்று ஓர் அழகிய திருநாமம் உண்டு. புலவர்கள் அதற்குத் தலபுராணத்தோடு பொருந்தப் பொருள் கூறுவர். சிறுவனாயிருந்த எனக்கு அப்பொருளெல்லாம் தெரியாது. ஒருவன் போய்த் தன் குறையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே கேட்டு அறிந்துகொள்பவர் என்றுதான் எண்ணியிருந்தேன். இடையிலே ஒருவர் புகுந்து அதைக் கூட்டியோ குறைத்தோ திரித்தோ சொல்ல அங்கே இடமில்லை என்பது என் கருத்து. பிற்காலத்தில் அரசாங்கம் செய்யும் தவறு, அத்தவறுக்கு அது பொறுப்பேற்கும் முறை என்பவைபற்றிப் படிக்க நேர்ந்தபோதெல்லாம், பிழையான பொருளாயினும் அந்தச் சிறுபிள்ளைப் பொருளே எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

என் பெரியப்பாவுக்கு ஒரு பாசன வாய்க்காலின் கடைமடையில் ஒரு வேலி நிலம் இருந்தது. தலைமடையில் தண்ணீர் வரப்பு வழிய நிற்க, கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடப்பது காவிரிப் படுகையில் புதிதன்று. ஆனால் ஓராண்டு முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது, எங்கள் முறைக்கு உரிய இரவுகளில் மதகு வேறு யாருக்காகவோ அடைபட்டது. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த சிறிய அலுவலர் ஒருவர் கையூட்டுப் பெற்றுக்கொண்டு அதைச் செய்கிறார் என்பது ஊரறிந்த செய்தி. பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் அவர் கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். இரண்டு பக்கத்தில் மனு எழுதி, நாள், கிழமை, மணி எல்லாம் குறித்து, மேலதிகாரி ஒருவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஐந்து வாரம் கழிந்தது. ஒரு பிற்பகல் அந்தச் சிறிய அலுவலரே எங்கள் திண்ணைக்கு வந்து அமர்ந்தார். மோர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் பையிலிருந்து சில காகிதங்களை எடுத்தார். முதலில் இருந்தது பெரியப்பாவின் மனு. அதன்மேல் மூன்று நான்கு முத்திரைகள். ஒவ்வொரு முத்திரையின் கீழும், விசாரித்து அறிக்கை அனுப்புக என்ற ஒரே வாசகம். மேலிடத்திலிருந்து படிப்படியாக இறங்கிய அந்த மனு, கடைசியில் யார்மீது புகாரோ அவர் கைக்கே வந்து சேர்ந்திருந்தது. "என்ன பெரியவரே, என்னைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க போல" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கோபித்துக்கொண்டு கேட்டிருந்தால் பெரியப்பாவும் எதிர்த்துப் பேசியிருப்பார். அந்தச் சிரிப்புக்கு அவரிடம் விடை இல்லை. குறை தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவ்வாண்டு அந்த ஒரு வேலியில் எங்களுக்குக் கிடைத்தது வைக்கோல்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு வேலி நிலமும் நல்ல கையெழுத்தும் இருந்த பெரியப்பாவின் கதி இது. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாக உழைத்தவர்கள், தம் மிராசுதார்மீது மனு எழுதி அனுப்ப எந்த வாயில் இருந்தது? தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அதற்குமுன் அவர்களுடைய புகாரைக் கேட்கும் இடமும், தீர்ப்புச் சொல்லும் இடமும், தண்டனை தரும் இடமும் பெரும்பாலும் ஒரே வீட்டு முற்றமாகவே இருந்தன.

திருவாரூர் எங்கள் ஊருக்குத் தொலைவில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டதும் நீங்கள் பள்ளியில் படித்த கதை. அக்கதையைச் சொல்வோர் அனைவரும் அரசனின் தியாகத்தையே வியந்து பேசுவர். எனக்கோ அந்த மணியைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது. பசுவுக்கு எழுதத் தெரியாது, பேசவும் தெரியாது. மணியின் கயிற்றுக்கும் அரசன் காதுக்கும் நடுவே ஓர் எழுத்தர் இல்லை. ஒரு முத்திரை இல்லை. அந்த மனு இளவரசன் வீதிவிடங்கனிடம் விசாரணைக்கு அனுப்பப்பட்டிருந்தால், குறை தீர்ந்தது என்று பசு கையெழுத்திட்டிருக்கும்! இன்றும் மாவட்ட ஆட்சியர் கிராமத்துக்கே வந்து மனு வாங்கும் நாளுக்குத் தமிழ்நாட்டில் மனுநீதி நாள் என்று பெயர். பெயர் வைத்தவர் தமிழறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

பாண்டியன் நெடுஞ்செழியன் கதையோ இதற்கு நேர்மாறானது. அங்கே குற்றம் செய்தவனும் அரசன். தீர்ப்புச் சொல்பவனும் அரசன். புகாரிலிருந்து சென்ற ஒரு பெண்ணின் வழக்கைக் கேட்டு, அவன் தனக்கு எதிராகவே தீர்ப்புக் கூறினான், உயிரும் விட்டான். அதனால்தான் அது காவியமாயிற்று. நாள்தோறும் நடக்கக்கூடிய செயலாயிருந்தால் இளங்கோவடிகள் அதைப் பாடியிருக்கவே மாட்டார். அரசாட்சியை அமைப்பவர்கள் நெடுஞ்செழியன்களை நம்பி அமைக்க முடியாது.

இனி, ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் நம் சென்னை இராஜதானியில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். கும்பினியார் ஆட்சிக் காலம் அது. தஞ்சைத் தரணியில் மிராசுதார்களும், பிற பகுதிகளில் இரயத்துகளும் தவணை தவணையாகக் கிஸ்தி கட்டிவந்தார்கள். 1816-ஆம் ஆண்டில் பிறந்த ஒரு விதியின்படி, வரி வசூலிக்கும் தாசில்தாரே தம் வட்டத்தின் போலீசுக்கும் தலைவரானார். அவருக்குமேல் இருந்த கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆனார். வரி கேட்கும் கையும் விலங்கு பூட்டும் கையும் ஒரே உடம்பில் முளைத்த கைகளாயின. செலவு மிச்சம் என்று கும்பினியார் எண்ணியிருக்கலாம். இரயத்துக்கு அதனால் ஏற்பட்ட செலவை அவர்கள் கணக்கிடவில்லை.

கிஸ்தி நாள் தவறினால் நடந்தவற்றை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று. கிட்டி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கழிகள். விரல்களை இடையில் வைத்து மறுமுனையை நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்பது மற்றொன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனையின் பெயரும் இதுவே. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, உடலை வளைத்தபடி வெயிலில் நிறுத்திவைப்பார்கள். உண்ணவிடாமல் வைப்பதும், கால்நடைகளைப் பட்டியில் பூட்டிப் பட்டினி போடுவதும் இவற்றோடு சேர்ந்தவை. இவற்றையெல்லாம் செய்த கைகள் பெரும்பாலும் வெள்ளையர் கைகள் அல்ல. நம்மவர்களான சேவகர்களின் கைகள். நம்மவர்களான தாசில்தார்களின் ஏவல். வெள்ளைக்காரக் கலெக்டர் தம் பங்களாவில் இருந்தார். வசூல் குறையாமல் வந்ததை மட்டும் அவர் கண்டார்.

துன்பப்பட்ட இரயத்து முறையிடவில்லையா? முறையிட்டான். கலெக்டரை நேரில் காணவேண்டுமானால் பல நாள் நடந்து போகவேண்டும். கச்சேரி வாசலில் காத்துக் கிடக்கவேண்டும். அதற்குள் வயல் காய்ந்துவிடும். எழுத்தாலே முறையிட்டால், தாசில்தாரிடம் சொல்லிக்கொள் என்ற குறிப்போடு மனு திரும்பி வரும். எந்தத் தாசில்தார்? யாருடைய ஆட்கள் கிட்டி போட்டார்களோ அந்தத் தாசில்தார்! எங்கள் வீட்டுத் திண்ணையை நான் ஏன் நினைவுகூர்ந்தேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். பெரியப்பாவின் மனு சென்ற வழி அவருக்கு நூற்றாண்டுக்கு முன்பே வெட்டப்பட்டு, வண்டித்தடம் பதிந்து கிடந்த பாதை.

அந்த வழியை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1806-இல் பிறந்தவர், சென்னையில் வணிகம் செய்து பொருள் ஈட்டிய குடும்பம். 1844-இல் கிரசெண்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை அமைத்தார். கும்பினியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் பேச்சு இலண்டனில் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய சங்கம் தன் மனுவைக் கலெக்டருக்கு அனுப்பவில்லை, கவர்னருக்கும் அனுப்பவில்லை, கடல் கடந்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கே அனுப்பியது. செட்டியாரின் மதிநுட்பம் இங்கேதான் விளங்குகிறது. கும்பினிமீது உள்ள புகாரைக் கும்பினியிடமே கொடுத்துப் பயனில்லை. கும்பினியைக் கேள்வி கேட்க வல்ல ஓர் இடத்துக்கு அது போகவேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரோடு கூடச் சென்று சில ஜில்லாக்களைக் காட்டினார். மறு ஆண்டு, 1854 ஜூலையில், சென்னை இராஜதானியின் நிலவரி முறைபற்றிய விவாதம் காமன்ஸ் சபையில் எழுந்தபோது சித்திரவதையும் பேசப்பட்டது. அப்படியெல்லாம் நடப்பதில்லை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். தாம் பல்லாண்டுகள் சென்னையில் இருந்தும் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்பவர்களுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. முடிவில் விசாரணைக்கு ஆணை பிறந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட கமிஷன் சென்னையில் அமர்ந்தது. மூவருள் ஜான் புரூஸ் நார்ட்டன் பாரிஸ்டர். ஆட்சியின் குறைகளை எடுத்து அதே 1854-இல் நூல் வெளியிட்டவர். குற்றம் சாட்டியவர்களுள் ஒருவரை விசாரிப்பவர்களோடு அமர்த்தியது அக்காலத்துக்குப் பெரிய காரியம் என்றே சொல்லவேண்டும்.

கமிஷன் மனுக்களை நேரே பெற்றது. தாசில்தாரின் முத்திரை தேவையில்லை. கலெக்டரின் குறிப்பு தேவையில்லை. விளைவைப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் 1,959 புகார்கள் வந்தன. 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள். 1,440 புகார்கள் கடிதமாக வந்தன. இருப்புப்பாதை இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். சென்னையில் முதல் பயணிகள் இரயில் வண்டி ஓடியது 1856-இல். வாயில் திறந்ததும் இத்தனை பேர் வந்தார்கள் என்றால், அதுவரை மக்கள் குறையில்லாமல் இருந்தார்கள் என்று பொருளா? மனுக்கள் வராமையைக் கண்டு மக்கள் நலமாயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டும் அதிகாரிகள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1855 ஏப்ரலில் அறிக்கை முடிந்தது. வரி வசூலுக்காகச் சித்திரவதை நடப்பது உண்மை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. துன்பப்பட்டவர்கள் நியாயம் பெறுவது எவ்வளவு அரிது என்பதையும், நான் மேலே சொன்ன மனுவின் வழியையும் அது எழுதிவைத்தது. ஆனால் வெள்ளைக்கார அதிகாரிகள்மீது பழி இல்லை; மக்கள் தம் இனத்தவரான சிப்பந்திகளிடமிருந்தே காப்பாற்றும்படி வேண்டுகிறார்கள் என்றும் அது முடிவு கூறியது. இதை நாம் எப்படி மதிப்பிடுவது? முழுப்பொய் என்று தள்ள முடியாது. அடித்த கை நம்மவர் கை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் வசூல் முழுவதும் வரவேண்டும் என்று நெருக்கியவர் யார்? மனுவின்மேல் குறிப்பு எழுதித் திருப்பியவர் யார்? அவர்களை விட்டுவிட்டுச் சேவகனைமட்டும் குற்றவாளி என்பது, பெரியப்பாவின் கதையில் சிறிய அலுவலரைமட்டும் குறை கூறி, விசாரித்து அறிக்கை அனுப்புக என்று எழுதிய மூன்று நான்கு பேரையும் மறந்துவிடுவது போன்றதே.

இக்குறையை அக்காலத்திலேயே சுட்டிக் காட்டியவர் ஒருவர் உண்டு. இலண்டனில் இருந்துகொண்டு நியூயார்க் டெய்லி டிரிப்யூன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதிவந்த கார்ல் மார்க்ஸ். 1857-இல் சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியபோது, அவர் சென்னைக் கமிஷனின் அறிக்கையை எடுத்து அமெரிக்க வாசகர்களுக்குக் காட்டினார். அந்தக் கட்டுரை அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. சென்னை இரயத்தின் விரல்களைப் பற்றி நியூயார்க்கில் ஒருவர் காலைப் பத்திரிகையில் படித்திருப்பார்! அந்த வாசகரின் நாட்டிலேயே, அதே ஆண்டு மார்ச் மாதத்தில், டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. கறுப்பினத்தவர் அந்நாட்டின் குடிமக்கள் ஆகமாட்டார்கள். ஆதலால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கிடும் உரிமையே அவருக்கு இல்லை என்பது அதன் சாரம். நம் இரயத்தின் மனு திரும்பி வந்தது. அவருடைய மனுவோ வாங்கப்படவே இல்லை.

சென்னைக்குத் திரும்புவோம். விசாரணை முடிந்து நான்கு ஆண்டுகளில், 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் வந்தது. போலீஸ் வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டு, இன்ஸ்பெக்டர் ஜெனரலின் கீழ்த் தனித் துறை ஆயிற்று. வரி கேட்கும் கையும் விலங்கு பூட்டும் கையும் ஒருவாறு பிரிந்தன. பின்னர் 1872-இல் வந்த சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. லட்சுமிநரசு செட்டியார் 1868-இல் காலமானார். பொதுப்பணியில் செல்வமெல்லாம் கரைந்து, வறுமையில் இறந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சட்டக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியாதிருப்பதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

போலீஸைப் பிரித்ததோடு எல்லாம் சரியாயிற்று என்று எண்ணவேண்டா. 2020 ஜூன் மாதத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்ததை நீங்கள் அறிவீர்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, விசாரிக்க ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. நிலையத்தில் அவருக்கு ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. தடயங்கள் அழிந்துவிடாமல் காக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையினரின் பொறுப்பில் வைக்கும்படி நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. வழக்கும் பிறகு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. 1859-இல் வருவாய்த் துறையின் கையிலிருந்து மக்களைக் காக்கப் போலீஸைப் பிரித்தார்கள். 2020-இல் போலீஸின் கையிலிருந்து சான்றுகளைக் காக்க வருவாய்த் துறையை அழைத்தார்கள். நல்ல துறை, கெட்ட துறை என்று நிலையாக எதுவும் இல்லை போலும். தன்மீது வந்த மனுவைத் தானே விசாரிக்கும்போது எந்தத் துறையும் சிரித்துக்கொண்டு திண்ணையில் வந்து அமரும்.

அமெரிக்காவில் இதே கேள்வி நாட்டின் தலைவரையே சுற்றி எழுந்தது. 1972 ஜூன் 17-ஆம் நாள், வாஷிங்டன் நகரில் வாட்டர்கேட் என்னும் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த சிலர் பிடிபட்டார்கள். நூல் பிடித்துக்கொண்டே போனால் அது அதிபர் நிக்சனின் மாளிகைவரை சென்றது. விசாரிக்க அமர்த்தப்பட்ட ஆர்ச்சிபால்டு காக்ஸ், அதிபரின் அறையில் பதிவான ஒலிநாடாக்களைக் கேட்டார். 1973 அக்டோபர் 20-ஆம் நாள் இரவு, அந்த விசாரணையாளரையே நீக்கும்படி நிக்சன் ஆணையிட்டார். சட்டத் துறைத் தலைவர் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவியைத் துறந்தார். அவருக்கு அடுத்தவரும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவர் ஆணையை நிறைவேற்றினார். எத்தனை பேர் மறுத்தாலும் ஒப்புக்கொள்ள ஒருவர் கிடைத்துவிடுவார். ஆயினும் மறுத்த இருவரால் அது மறைவான செயலாக இல்லாமல் ஊரறிந்த செயலாயிற்று. மறு ஆண்டு ஜூலை 24-இல், நாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்சநீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களுள் மூவர் நிக்சனாலேயே அமர்த்தப்பட்டவர்கள். ஆகஸ்டு 9-இல் அவர் பதவி விலகினார். ஒரு மாதத்தில் அடுத்த அதிபர் அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அந்த அனுபவத்தின் பின் 1978-இல் அமெரிக்கர்கள் ஒரு சட்டம் செய்து, அரசுத் துறைகளுக்குள்ளேயே தவறுகளை ஆராயும் பொது ஆய்வாளர்களை அமர்த்தினார்கள். அவர்களை நீக்குவதானால் 30 நாள் முன்பே காங்கிரஸுக்குக் காரணத்தோடு அறிவிக்கவேண்டும் என்பது பின்னால் வந்த விதி. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அவர்களில் ஏறத்தாழ 17 பேரை ஒரே இரவில் நீக்கினார். அந்த அறிவிப்பு இல்லை. அது சட்டத்துக்கு முரண் என்று அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி கூறினார். ஆனால் அவர்களைத் திரும்பப் பதவியில் அமர்த்த ஆணையிடவில்லை. ஆராய்ச்சி மணியின் கயிற்றை அறுப்பதற்கு ஓர் இரவு போதும். அறுத்தது தவறு என்று சொல்வதற்கே எட்டு மாதம் ஆகிறது.

நம் நாட்டுக்குப் பெருமை தரும் ஒரு செய்தியையும் கூறிவிடுகிறேன். 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயைப் போட்டது. டிசம்பரில் மக்களவையில் அதை வெளிப்படுத்தி வாதாடியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சக்ளா விசாரித்தார். அதுவும் கதவைத் திறந்துவைத்து, உள்ளே இடமில்லாதவர்கள் வெளியே நின்று கேட்க ஒலிபெருக்கி வைத்து. நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, நம் தமிழ்நாட்டுக்காரர், 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்று சக்ளா கருதியதே அதற்குக் காரணம். விசாரித்து அறிக்கை அனுப்புக என்று மேலே எழுதியவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை நான் இந்த நாட்டிலேதான் கற்றேன்.

தகவல் அறியும் உரிமைக்கு இந்திய மாநிலங்களுள் முதன்முதலில், 1997-இல், சட்டம் செய்தது தமிழ்நாடு. 2005-இல் வந்த மத்தியச் சட்டம் அதைவிட வலியது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எவரும் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தரவேண்டும். விடை வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ, முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம் செய்யவேண்டும். அதன் பிறகே தகவல் ஆணையம். இந்த முதற்படியைப் படிக்கும்போது எனக்குப் பெரியப்பாவின் முகம் தோன்றாமல் இருப்பதில்லை.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பெரியப்பாவின் நிலம் இப்போது அண்ணன் சாகுபடியில் இருக்கிறது. அதே வாய்க்கால், அதே கடைமடை. சென்ற கோடையில் அந்த வாய்க்காலைத் தூர் வாரியதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். பலகைக்கு அப்பால் கோரையும் ஆகாயத்தாமரையும் முன்போலவே இருந்தன. எத்தனை மீட்டர் தூர் வாரப்பட்டது, செலவு எவ்வளவு, அளவுப் புத்தகத்தின் நகல் தருக என்று அவள் ஒரு மனு எழுதினாள். அவள் எழுத்தும் முத்துப்போலத்தான் இருக்கும். 28-ஆம் நாள் விடை வந்தது. நீளம் இருந்தது, தொகை இருந்தது. அளவுப் புத்தகத்தின் நகல் இல்லை. வாய்க்காலை அவளும் அவள் தோழியரும் கயிறு பிடித்து அளந்து பார்த்தார்கள். விடையில் கண்ட நீளத்தில் பாதிக்குமேல் மண்வெட்டி படவே இல்லை.

மேல்முறையீடு எழுதி அனுப்பியிருக்கிறாள். அது அந்த அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம் போய்ச் சேர்ந்ததாகச் சென்ற வாரம் எனக்குக் கடிதம் வந்தது. யாராவது திண்ணைக்கு வந்தால் மோர் கொடுப்பேன், ஆனால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தாள்.